தம்பி வேதத்தில் சேர்ந்துவிட்டான்: இந்து மதத்தில் அது குற்றமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி போன வருடம் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். அம்மா 'பாவம் செஞ்சுட்டானே' என்று அழுதுகொண்டே இருக்கிறாள். சொக்காரர்கள் (பங்காளிகள்) அவனை ஒதுக்கி வை என்கிறார்கள். மதத்தை விட்டுப் போனவனுக்கு நம் சாஸ்திரத்தில் என்ன தண்டனை? சொத்தில் பங்கு உண்டா? அப்பாவுக்கு அவன் கொள்ளி வைக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டனை கிடையாது. பங்கு உண்டு. கொள்ளி விஷயம் உங்கள் வீட்டு முற்றத்தில் முடிவாக வேண்டியது. இதோடு நிறுத்தினால் உங்கள் அம்மாவின் அழுகைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துக் கோர்ட்டுகளில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவன் நான். வேதக்கார அண்ணன், இந்துத் தம்பி, நடுவில் ஒரு கிணறும் நாலு தென்னையும். இந்தக் கேஸ் கட்டை எத்தனை தடவை பிரித்திருப்பேன் என்று கணக்கில்லை.

முதலில் சாஸ்திரம். 'மதத்தை விட்டவன்' என்று குறிக்க நம் பழைய நூல்களில் தனியாக ஒரு சொல் இல்லை. பக்கத்தில் வரக்கூடியவை இரண்டு. ஒன்று நாத்திகன். மனு ஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில் வேதத்தைப் பழிப்பவனே நாத்திகன் என்றும், நல்லவர்கள் அவனை விலக்கி வைக்க வேண்டும் என்றும் வருகிறது. இன்னொன்று பதிதன், அதாவது தன் குலத்தின் ஆசாரத்திலிருந்து விழுந்தவன். மகாபாதகங்கள் என்று ஐந்தைச் சொல்வார்கள்: பிராமணனைக் கொல்வது, மது குடிப்பது, பொன் திருடுவது, குருவின் மனைவியைச் சேர்வது, இப்படிப்பட்டவர்களோடு கூடியிருப்பது. அந்த ஐந்தில் வேறு சாமியைக் கும்பிடுவது இல்லை. ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதே மனு பதினோராம் அத்தியாயத்தில், கற்ற வேதத்தை மறப்பதும் வேதத்தைப் பழிப்பதும் மது குடித்ததற்குச் சமம் என்கிறார்.

இங்கேதான் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும். கற்ற வேதத்தை மறப்பது குற்றம் என்றால், அது வேதம் கற்க உரிமை இருந்தவனுக்கான குற்றம். உங்கள் பாட்டாவுக்கோ என் பாட்டாவுக்கோ அதைக் காதால் கேட்கவே அனுமதி இருந்ததில்லை. கையில் கொடுக்காத பொருளை எப்படித் தொலைக்க முடியும்? நம் ஊர்ப் பேச்சையும் கவனியுங்கள். குமரி மாவட்டத்தில் 'வேதம்' என்றால் பைபிள். 'வேதக்காரர்' என்றால் கிறிஸ்தவர். 'வேதக்கோயில்' என்றால் சர்ச். வேதத்தில் சேர்ந்ததற்காகத்தான் உங்கள் தம்பியை எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

இந்த நூல்களுக்கெல்லாம் 'மதம்' என்ற அளவுகோல் பெரிதாகப் பட்டதில்லை. ஒருவன் எந்தக் குலத்தில் பிறந்தான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், யாருக்குப் பெண் கொடுக்கிறான் என்பதுதான் கணக்கு. அதனால் விலக்கும் தண்டனையும் சாதிக்காரன் கையில் இருந்தன. திரும்பி வர வழியும் வைத்திருந்தார்கள். தேவல ஸ்மிருதி என்று ஒரு சின்ன நூல் உண்டு. அந்நியர் பிடித்துக்கொண்டுபோய் ஆசாரம் கெட்டுப்போனவர்களை எப்படிப் பிராயச்சித்தம் செய்து மறுபடி சேர்த்துக்கொள்வது என்பதுதான் அதில் பேச்சு. எத்தனை வருடம் வெளியே இருந்தான் என்பதைப் பொறுத்து பிராயச்சித்தம் கூடும், குறையும். கொல்லு, வெட்டு என்றெல்லாம் கிடையாது.

தமிழில் இதற்கு நல்ல சாட்சி அப்பர். சைவக் குடும்பத்தில் பிறந்து சமணத்துக்குப் போனவர், தருமசேனர் என்று பட்டம் பெற்றவர். அக்கா திலகவதியார் அழுதார், சிவனிடம் வேண்டினார். தம்பியை ஒதுக்கி வைத்ததாகப் பெரிய புராணத்தில் ஒரு வரி இல்லை. சூலை நோய் வந்து தம்பி திரும்பி வந்தபோது அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். நீற்றறையில் போட்டதும், நஞ்சு கொடுத்ததும், கல்லைக் கட்டிக் கடலில் தள்ளியதும் அவர் சமணத்தை விட்டு வந்ததற்காக. ஆக, அந்தக் கதையில் மதம் மாறியவனைக் கொல்லப் பார்க்கிறவர்கள் சைவர்கள் இல்லை. உடனே நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். சம்பந்தர் கதையில் வாதில் தோற்ற சமணர்கள் கழுவேறியதும் அதே பெரிய புராணத்தில்தான் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமென்றால் திலகவதியார் கதையைச் சொல்லுங்கள். அழுத அக்காவும் அந்தக் கதையில்தான் இருக்கிறாள், கதவைத் திறந்த அக்காவும் அந்தக் கதையில்தான் இருக்கிறாள்.

இனி நம் மாவட்டம். 'நீங்கள் தண்டனை இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் தேவசகாயம்?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா காலத்து அரண்மனை ஊழியர். டச்சுத் தளபதி டிலனாயின் பழக்கத்தில் கிறிஸ்தவத்தை அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது மரபுக் கதை. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காகவா, ராஜத் துரோகக் குற்றச்சாட்டுக்காகவா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: கடற்கரையில் முக்குவர் 1544-இலேயே சவேரியார் கையால் ஞானஸ்நானம் பெற்று இருநூறு வருடமாகக் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதற்காக அவர்களை யாரும் சங்கிலியில் கட்டவில்லை. அரண்மனைக்குள் இருந்த மேல்சாதிக்காரர் ஒருவர் போனதும், போய்க் கீழ்ச்சாதிக்காரரோடு சமமாக உட்கார்ந்ததும்தான் பொறுக்கவில்லை. சாதி எவ்வளவு கெட்டி என்று பாருங்கள்: 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்னால் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்தார்கள். மதத்தை விட்டு 275 வருடம் கழித்துத்தான் சாதிப்பெயர் அவரை விட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலேயே பின்னால் சாதிக்கு ஒரு பக்கமாகக் கால்சட்டை மாதிரி சர்ச் கட்டினார்கள். நடுச்சுவரை இடித்தது 1910-இல்.

மயிலாடி மகாராசன் கதை இதைவிடச் சின்னது, எனக்கு இதைவிடப் பிடித்தது. சாம்பவர் சமூகத்துக்காரர். நடராஜரைப் பார்க்கச் சிதம்பரத்துக்கு நடந்தார். நந்தனாரும் அதே ஆசையோடு போனவர்தான். அவர் தீயில் இறங்கி உள்ளே போனதாகக் கதை. மகாராசன் தீயில் இறங்கவில்லை. மனம் கசந்து தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பினார், அங்கே வேதமாணிக்கம் ஆனார். 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தது இவர் அழைத்துத்தான். இந்தப் பக்கத்துச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் தொடக்கம் அங்கேதான். அவரை மதத்தை விட்டவர் என்று சொல்வதா, சன்னதி வரைக்கும் போக விடப்படாதவர் என்று சொல்வதா?

அதற்கப்புறம் நடந்ததில் எதிர்ப்பு எதற்கு வந்தது என்று பாருங்கள். திருவிதாங்கூரில் திவானாக இருந்த மன்றோ, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் வேலையிலிருந்தும் விலக்குக் கொடுத்தார். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம் என்று உத்தரவு வந்தது. அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்பது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. கூலியில்லாத வேலைக்கு ஆள் வரவில்லை, தோளில் சீலை ஏறிவிட்டது; அடி விழுந்தது அதற்குத்தான். தோள்சீலைக் கலகம் 1822-இல் தொடங்கி 1859 ஜூலை அறிவிப்பு வரைக்கும் இழுத்தது. அந்த அறிவிப்பு வந்தபோது இந்து நாடார்ப் பெண்களுக்கும் சேர்த்தே வந்தது. போனவர்கள் போட்ட சண்டையில் இருந்தவர்களுக்கும் மேலாடை கிடைத்தது.

இருந்துகொண்டே மாற்றியவரும் உண்டு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலையில் பாகை கட்டச் சொன்னார், கண்ணாடியைப் பார்த்துக் கும்பிடச் சொன்னார், வெண்ணீசனையும் (வெள்ளைக்காரரையும்) திருவிதாங்கூர் நீசனையும் (ராஜாவையும்) ஒருசேரக் கண்டித்தார். ராஜா பிடித்துச் சிறையில் வைத்தார். அவர் இந்து மதத்தை விட்டாரா, திருத்தினாரா என்று அவருடைய பதிகளிலேயே (கோயில்களிலேயே) இரண்டு கருத்து இருக்கிறது. சென்சஸில் அவர்கள் இந்துக் கணக்கில்தான் வருகிறார்கள். அப்புறம் 1935-இல் அம்பேத்கர் 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்று அறிவித்ததும், திருவிதாங்கூரில் ஈழவர்களும் மதம் மாறுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். 1936 நவம்பர் 12-இல் ராஜா தன் அரசின் பொறுப்பில் இருந்த எல்லாக் கோயில் கதவையும் திறந்தார். சுசீந்திரத்தில் பத்து வருடம் முன்னே சத்தியாகிரகம் செய்தும் திறக்காத கதவு. ஆள் போய்விடுவான் என்ற பயம் திறந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இந்தப் பயம்தான் இன்றைய மனநிலையின் வேர். விவேகானந்தர் 1899-இல் ஒரு பேட்டியில், இந்து மதத்தை விட்டுப் போகிற ஒவ்வொருவனும் ஒரு ஆள் குறைவு மட்டுமில்லை, ஒரு எதிரி கூடுதல் என்றார். மேடையில் இந்த வரியை மட்டும் எடுத்து முழங்குவார்கள். அதே பேட்டியில் அவர், போனவர்களைத் தாராளமாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடுகிறார். அது மேடைக்கு வராது. 2011 சென்சஸில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு தம்பியின் ஞானஸ்நானம் ஏன் ஊர் விவகாரமாகிறது என்று புரியும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வேதக்காரச் சொந்தங்கள் அதற்கடுத்த கொடைக்கு வரவில்லை. நாங்களும் கிறிஸ்துமஸுக்குப் போகவில்லை. யாரும் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. சரியாகப் பத்து வருடம் ஆயிற்று, பழையபடி பலகாரத் தட்டு வேலியைத் தாண்ட.

சரி, உங்கள் அம்மா. அவர் அழுவது சாஸ்திரத்துக்காக இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். நம் வீடுகளில் சாமி கூடுவதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மெழுகுதிரி கொண்டுபோகாத இந்துப் பெண் எங்கள் தெருவில் குறைவு. தக்கலை பீரப்பா தர்காவுக்கும் போவார்கள். இயேசு படத்தை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னால் ஆணி தேடிப் போவாள் அம்மா. ஒன்றை எடுத்தால் மற்றதை விடு என்று கேட்கும்போதுதான் அவளுக்கு விளங்குவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தாய் மண்டைக்காட்டிலிருந்து மண்டையப்பம் வாங்கி வந்தாள். மகனுக்குச் சின்ன வயதில் தலைவலி, அப்போது நேர்ந்துகொண்டது. வருடா வருடம் செலுத்துவாள். வாழையிலையைப் பிரித்து நீட்டினாள். "படைச்சதா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. அவன் இலையை மறுபடி மடித்துத் திண்ணையில் வைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான். சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே எறும்பு மொய்த்துக் கிடந்தது. அந்தத் தாயும் 'பாவம் செஞ்சுட்டான்' என்றுதான் சொன்னாள். வேறு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவனுக்குப் படையல் ஆகாதென்றால் அம்மா படைப்பதற்கு முன்னாலேயே தனியாக ஒரு பங்கு எடுத்து வைக்கலாம். நிறைய வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது.

சொத்துக்கு வருவோம், இது என் தொழில். அப்பா உயில் எழுதாமல் போனால் தம்பிக்கு உங்களுக்குள்ள அதே பங்கு. மதம் மாறியவன் வாரிசுரிமை இழக்க மாட்டான் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. நாம் அன்றைக்குத் திருவிதாங்கூர், அதனால் அது இங்கே தானாக வரவில்லை. இப்போது அந்தப் பேச்சே இல்லை. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதம் மாறிய பிறகு அவனுக்குப் பிறக்கிற பிள்ளைகள், இந்துச் சொந்தக்காரர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது, அந்தச் சமயத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. அதாவது அப்பாவுக்கு முன்னால் தம்பிக்கு ஏதாவது ஆனால், ஞானஸ்நானத்துக்கு அப்புறம் பிறந்த குழந்தைக்குத் தாத்தா சொத்து வராது. சொக்காரர்கள் கனவு காண்பது இதை வைத்துத்தான். அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒரு உயிலோ தானப் பத்திரமோ எழுதிவிட்டால் இந்த வம்பு வராது.

யாரும் யோசிக்காத இன்னொன்று: இந்து மகன் இறந்தால் அவன் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு. தம்பி கிறிஸ்தவனாக இறந்தால் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும்; மனைவியும் பிள்ளையும் இருக்கும்போது தாய்க்கு ஒன்றும் இல்லை. அம்மா பெயரில் ஏதாவது இருக்கட்டும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. நாடார் என்றால் இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான், ஒன்றும் மாறாது. பட்டியல் சாதி என்றால் 1950-ஆம் வருட உத்தரவின்படி கிறிஸ்தவர் ஆனதும் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் வைப்பார்கள். மதத்தை விட்டதற்கு இன்று இந்த நாட்டில் தண்டனை என்று ஒன்று இருக்கிறதென்றால், என் கணக்கில் அது இதுதான். விதித்தது சாஸ்திரம் இல்லை, சர்க்கார்.

ஒருவேளை தம்பி திரும்பி வந்தால்? சடங்கு கட்டாயம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் வருவார்கள். ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கும் இந்து ஆணுக்கும் இந்து முறைப்படி நடந்த கல்யாணம் செல்லுமா என்ற வழக்கில், உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையும் போதும், சுத்திச் சடங்கு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1970-லேயே சொல்லிவிட்டது.

கொள்ளி. இதில் கோர்ட் தலையிடாது, சாஸ்திரம் மூத்தவனைச் சொல்கிறது, மூத்தவர் நீங்கள்தான். எனவே தம்பி வைக்கலாமா என்ற கேள்வியே முதலில் எழவில்லை. அவன் எங்கே நிற்பான் என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பா கல்யாணத்துக்காக மாறினவர். பாட்டா அவரோடு பதினோரு வருடம் பேசவில்லை. ஆனால் குடும்பக் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் வரி) எழுதும் நோட்டில் அவர் பெயரை அடிக்கவும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் சித்தப்பா வந்து மதில் சுவருக்கு வெளியே நின்று, என்னைக் கூப்பிட்டு, "மக்கா, இதை நோட்டுல எழுதச் சொல்லு" என்று ரூபாயைக் கையில் வைப்பார். உள்ளே வர மாட்டார். பாட்டா வாங்கி எண்ணி, எழுதச் சொல்லுவார். வெளியே எட்டிப் பார்க்க மாட்டார். பாட்டா செத்தபோது அப்பா கொள்ளி வைத்தார். சித்தப்பா நெற்றியில் ஒன்றும் இடாமல், மண்வெட்டியோடு எங்கள் விளையில் (தோப்பில்) குழி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு (காரியத்துக்கு) சோறு வடித்ததும் அவர்தான். ஒரு சொக்காரர் முணுமுணுத்தார். "சாப்பிட்டுட்டுப் பேசும் ஓய்" என்றார் என் அப்பா. அவர் சாப்பிட்டார்.

ஆகவே உங்கள் தம்பியை மயானத்தில் ஒதுக்கி நிறுத்தாதீர்கள், எள்ளும் தண்ணீரும் எடு என்று வற்புறுத்தவும் செய்யாதீர்கள். தூக்க ஒரு தோள் வேண்டும், அதற்கு மந்திரம் தேவையில்லை. அப்பா இருக்கும்போதே, முடிந்தால் இந்த வாரமே, இரண்டு பேரும் சேர்ந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுங்கள். அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்திரம் எழுதுவதாக இருந்தால் தம்பியின் பெயரை ஆதாரில் இருக்கிறபடியே போடச் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பெயரும் இருந்தால் 'என்கிற' போட்டு இரண்டையும் எழுத வேண்டும். இல்லையென்றால் பின்னால் பட்டா மாற்றும்போது தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடக்க வைப்பார்கள்.